மூன்று சில்லை நாலாக்கலாமா? கராஜ்காரர் பதில்கள்

விசுவமடு வாசகர் ஒருவர்: அண்ணை, பழைய பல்சர் 180 ஒன்றின் பின்பாதியையும் மாருதி 800 ஒன்றின் முன்சில்லுகளையும் இணைத்து ஒரு ஸ்போர்ட்ஸ் வண்டி செய்திருக்கிறேன். முன்னுக்கு இரண்டு சில்லு, பின்னுக்கு ஒன்று. முன்சில்லு இரண்டுக்கும் இடையில் அகலம் 120 சென்ரிமீற்றர், முன்சில்லிலிருந்து பின்சில்லு வரை நீளம் 180. நேர் றோட்டில் நல்லாகப் போகிறது. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் வளைவுகளில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் உள்பக்க முன்சில்லு நிலத்தை விட்டுத் தூக்குகிறது. எங்கள் கிறவல் ஒழுங்கையில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. பின்னுக்கு இன்னொரு சில்லுப் பூட்டி நாலாக்கினால் சரியாகுமா?

தம்பி, நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒட்டு வேலை சுத்தமாக இருக்கிறது. முன்பக்கக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகக் கட்டிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர்க்காரர் நாங்கள். துளிப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிய ஆட்களிடம்தான் நான் தொழில் பழகினேன். அதனால் "இது கம்பனி செய்யிற வேலை, நீ கை வைக்காதே" என்று ஒருவருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் நாலாவது சில்லை வாங்க முன்னம் நீங்கள் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் உங்கள் இரண்டாவது படம். பின் ரயர் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குச் சப்பையாகத் தேய்ந்திருக்கிறது. இரண்டு ஓரத்திலும் கடையில் வாங்கியபோது இருந்த றப்பர் மயிர்கூட இன்னும் உதிரவில்லை. உங்கள் கிறவல் வருத்தத்துக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் வளைவில் சாயும். அதற்காகத்தான் அதன் ரயரை உருண்டையாகச் செய்கிறார்கள். சாயச் சாய ஓரம் வந்து நிலத்தைப் பிடிக்கும். உங்கள் வண்டி சாயாது. ஆகவே எந்த வளைவிலும் அந்த இரண்டு விரல் அகலம் மட்டும்தான் நிலத்தில் நிற்கிறது. அதோடு, சாயாத வண்டியில் பக்கவாட்டு விசை முழுவதும் றிம்மிலும், பெயாரிங்கிலும், பின்சில்லைத் தாங்கும் ஸ்விங் ஆம் கையின் புஷ்ஷிலும் போய் விழுகிறது. மோட்டார் சைக்கிளில் அவற்றுக்கு அந்த வேலையே இருந்ததில்லை. வண்டியை ஸ்ராண்டில் தூக்கி, பின்சில்லை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். 'கடக்' என்று ஒரு சத்தம் வந்தால் புஷ் போய்விட்டது என்று அர்த்தம்.

ஆக, உங்களுக்கு இருப்பது இரண்டு வருத்தம். தாரில் சில்லுத் தூக்குவது வேறு, கிறவலில் வால் இழுப்பது வேறு. நாலாவது சில்லு முதலாவதுக்கு நல்ல மருந்து. இரண்டாவதுக்குப் பின்னால் ஒரு சப்பட்டையான கார் ரயரும், அதைத் தாங்கக்கூடிய றிம்மும், புது புஷ்ஷும் போதும்.

இப்போது தார் றோட்டுக் கதை. சீமெந்துத் தரையில் வண்டியை நிறுத்தி, மூன்று ரயரும் நிலத்தைத் தொடும் இடங்களைச் சோக்கால் கோடு போட்டு இணையுங்கள். ஒரு முக்கோணம் வரும். வண்டியின் பாரம் வந்து குவியும் மையப்புள்ளி அந்த முக்கோணத்துக்குள் எங்கே நிற்கிறது என்பதுதான் விடயம். அதை அறிய நெல் மூட்டை நிறுக்கும் தராசு ஒன்று போதும். அறுவடை முடிந்த நாட்களில் யாரிடமாவது இரவல் வாங்கலாம். நீங்கள் சீற்றில் இருக்க, ஒவ்வொரு சில்லாகத் தராசில் ஏற்றி நிறுங்கள். மற்ற இரண்டு சில்லுக்கும் கீழே தராசின் உயரத்துக்குப் பலகை வைக்க மறக்கவேண்டாம். சரிவாக நின்றால் கணக்குப் பிழைக்கும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். முன்சில்லுகள் இரண்டிலும் 95 கிலோ, 95 கிலோ. பின்னுக்கு 130 கிலோ. மொத்தம் 320 என்று வைப்போம். முன்னுக்கு இருப்பது 190. 190ஐ 320ஆல் பிரித்து நீளம் 180ஆல் பெருக்கினால், மையம் பின்சில்லிலிருந்து 107 சென்ரிமீற்றர் முன்னால் நிற்கிறது. அந்த இடத்தில் முக்கோணத்தின் பாதி அகலம் ஏறக்குறைய 36 சென்ரிமீற்றர். மையத்தின் உயரம் 50 என்று எடுத்தால், 36ஐ 50ஆல் பிரிக்க 0.72 வருகிறது. அதாவது வண்டியின் பாரத்தில் 0.72 பங்கு பக்கவாட்டு விசை வந்தால் சில்லுத் தூக்கும். காய்ந்த தாரில் நல்ல ரயரின் பிடி பாரத்தில் 0.8 பங்கு அளவில் இருக்கும். பிடி பெரிது, உங்கள் எண் சிறிது. அதனால்தான் ரயர் வழுக்க முன்னம் வண்டி தூக்குகிறது. கிறவலில் பிடி அதைவிடக் குறைவு. அங்கே தூக்க முன்னம் வழுக்கிவிடும். உங்கள் கடிதத்தில் இருப்பதும் இதேதான்.

நாலு சில்லானால் பாதி அகலம் எங்கும் 60. அதை 50ஆல் பிரித்தால் 1.2. பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று சில்லோடேயே எவ்வளவு தூரம் போகலாம் என்றும் பாருங்கள். சீற்றை ஒரு அடி முன்னுக்கும் அரை அடி கீழுக்கும் கொண்டுபோனால், 70 கிலோ ஆளுக்கு மையம் 7 சென்ரிமீற்றர் முன்னால் போய் 3 சென்ரிமீற்றர் இறங்கும். முன் அகலத்தைப் பக்கத்துக்கு 10 சென்ரிமீற்றர் கூட்டினால் பாதி அகலம் 44 ஆகும். 44ஐ 47ஆல் பிரித்தால் 0.94. இப்போது ரயர் முதலில் வழுக்கும், வண்டி தூக்காது. இரண்டு நாள் வெல்டிங் வேலை, கொஞ்சக் குழாய், அவ்வளவுதான். முன் கைகளை நீட்டும்போது ஸ்ரியறிங் றொட்டையும் அதே அளவுக்கு நீட்டி, சில்லு மேலும் கீழும் போகும்போது திருப்பம் தானாக மாறுகிறதா என்று கட்டாயம் பார்க்கவேண்டும்.

சரி, இதெல்லாம் செய்தும் மனம் நாலு சில்லிலேயே நிற்கிறது என்றால்? உங்களுக்கு முன்னமே அந்த வழியால் போனவர்கள் இருக்கிறார்கள். இத்தாலியில் ஈஸோ கம்பனி 1953இல் ஈசெற்றா என்ற முட்டை வடிவச் சிறு காரை வெளிக்காட்டியது. அதன் ஆரம்ப மாதிரிக்குப் பின்னால் ஒரு சில்லுத்தான். அது குடைசாயப் பார்க்கிறது என்று கண்டதும் பின்னால் இரண்டு சில்லுப் போட்டார்கள், வெறும் 48 சென்ரிமீற்றர் இடைவெளியில். அவ்வளவு நெருக்கமாக வைத்ததால், வளைவில் இரண்டு சில்லையும் வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் டிபரன்ஷியல் என்ற கியர் தேவைப்படவில்லை. 1955இலிருந்து பி.எம்.டபிள்யூவும் அதே அமைப்பில் ஈசெற்றா செய்தது. ஜேர்மனியின் மெசர்ஸ்மித் மூன்று சில்லு வண்டிக்கும் 1958இல் ரைகர் என்ற பெயரால் அறியப்பட்ட நாலு சில்லுத் தம்பி ஒன்று வந்தது. அதற்கு எஞ்சினையும் பின்பக்கத்தையும் புதிதாகவே செய்தார்கள், பழையதில் ஒரு சில்லைக் கூட்டி விடவில்லை.

ஈசெற்றா வழி கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் அது எங்கள் ஒழுங்கைகளுக்கு ஒத்துவராது, தம்பி. காலபோக மழைக்குப் பிறகு ரக்ரர் போய்வந்த ஒழுங்கையை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் முழங்கால் அளவுக்குத் தடம், நடுவில் புல்லோடு ஒரு மேடு. உங்கள் முன்சில்லுகள் தடத்தில் போகும்போது பின்சில்லு அந்த நடு மேட்டில் ஏறிப் போகிறது. மேடு ஈரமாக இருந்தால் ஒரு பக்கம் சறுக்கி விழும். வண்டியின் வால் ஆடும். 48 சென்ரிமீற்றரில் இரண்டு சில்லு வைத்தாலும் இரண்டும் அதே மேட்டின் இரண்டு கன்னத்தில்தான் நிற்கும். தடத்துக்குள் போக வேண்டுமென்றால் பின் அகலமும் முன் அகலத்தோடு ஒத்துப் போகவேண்டும். நாலு சில்லுக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பலமான நியாயம் இந்தத் தடம்தான். வளைவை விட இதுதான் உங்களுக்கு நாளாந்தம் உதவும்.

அகலமாக வைத்தால் இன்னொரு பிரச்சினை தொடங்கும். வளைவில் வெளிச்சில்லு உள்சில்லை விடக் கூடத் தூரம் ஓடவேண்டும். ஒரே அச்சில் இரண்டையும் இறுக்கிவிட்டால், நீங்கள் திருப்பினாலும் மூக்கு நேரே போகப் பார்க்கும். கிறவலில் ரயர் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும், அதனால் சமாளிக்கலாம். வயலில் ஓடுகிற நாலு சில்லு மோட்டார் சைக்கிள்களில் பல அப்படித்தான் இருக்கின்றன. தாரில் ஸ்ரியறிங் கல்லாக இருக்கும், ரயரும் தேயும். டிபரன்ஷியல் வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்த சுலப வழி, அடிபட்ட பஜாஜ் ஆட்டோ ஒன்றின் பின்பக்கத்தை எஞ்சின், கியர்பெட்டி, கைகள், ஸ்பிறிங்குகளோடு அப்படியே எடுப்பது. டிபரன்ஷியல் அதற்குள்ளேயே இருக்கிறது, ரிவேர்ஸ் கியரும் கூடவே வரும். பல்சரின் வேகம் வராது, 8 அங்குலச் சில்லு ஆகையால் நிலத்திலிருந்து உயரமும் குறையும். இரண்டில் எது வேண்டும் என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் தருவது சேசி, அதாவது வண்டியின் சட்டம்தான். முக்காலியை எந்தக் கோணல் தரையில் வைத்தாலும் மூன்று காலும் நிலத்தில் நிற்கும். நாற்காலியை அதே தரையில் வையுங்கள், ஒரு கால் அந்தரத்தில் ஆடும். உங்கள் வண்டி இதுவரை முக்காலி. ஒரு சில்லுப் பள்ளத்தில் இறங்கினால் வண்டி முழுதாகச் சாயும், சேசி முறுகாது. நாலு சில்லானதும் ஒவ்வொரு பள்ளமும் சேசியைத் துணி பிழிவது போல முறுக்கும். முக்காலிக்காகச் செய்த சேசிக்கு அந்த முறுக்கத்தைத் தாங்கும் வேலை இதற்கு முன் இருந்ததில்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் மீன்பெட்டி ஏற்றும் மூன்று சில்லு வண்டி ஒன்றுக்கு முன்னால் இரண்டு சில்லு வைத்துக் கொடுத்தேன். ஓட்டக்காரருக்குப் பெரிய சந்தோஷம், எனக்கும்தான். இரண்டு மாதம் போக, பள்ளத்தில் விழும்போதெல்லாம் 'டக், டக்' என்று சத்தம் வருகிறது என்று கொண்டுவந்தார். கழுவித் துடைத்து ரோர்ச் அடித்துப் பார்த்தேன். குழாய்கள் சந்திக்கும் மூலையில், ஒட்டின் விளிம்போடு, பெயின்ற்றுக்கு மேல் தலைமயிர் அளவில் செங்கல் நிறக் கோடு ஒன்று. விரல் நகத்தை வைத்து இழுத்தால் நகம் மாட்டியது. உள்ளே குழாய் பாதிச் சுற்றுக்கு வெடித்திருந்தது. இன்னும் ஒரு கிழமை ஓடியிருந்தால் முன்பக்கம் தனியாகப் போயிருக்கும். அந்தப் பிழை முழுக்க என்னுடையது. சில்லை மட்டும் யோசித்தேன், சட்டத்தை யோசிக்கவில்லை.

ஆகவே நாலாவது சில்லுக்கு முன்னம் ஒரு சோதனை செய்யுங்கள். சேசியின் மூன்று மூலையைக் கல்லில் தாங்கிவிட்டு, நாலாவது மூலை வரவேண்டிய இடத்தில் ஒரு குழாயை நீட்டி, சீமெந்துப் பை ஒன்றைத் தொங்கவிடுங்கள். தொங்கவிட முன்னமும் பின்னமும் நிலத்திலிருந்து உயரத்தை அளவுங்கள். ஒரு விரல் தடிப்புக்கு மேல் இறங்கினால், அந்தச் சேசிக்கு நாலாவது சில்லைப் பூட்டவேண்டாம். இருபக்கமும் உயரமான சட்டம் எழுப்பி, குறுக்கே சாய்வுக் குழாய்கள் கொடுத்து, பின்பாதியைப் புதிதாகக் கட்டவேண்டும். பல்சரின் பின்பாதியை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஒட்டுப் போடுவது வேண்டவே வேண்டாம்.

என் தீர்ப்புக் கேட்டால்: ரயர், புஷ், சீற், முன் அகலம் ஆகியவற்றை இப்போதே செய்யுங்கள். மாரி முழுவதும் ஓட்டிப் பாருங்கள். தடத்தில் போவதுதான் பிரச்சினை என்று அப்போதும் தோன்றினால் புது வண்டியாக நாலு சில்லில் தொடங்குங்கள். நான் வந்து கூட நின்று வேலை செய்கிறேன். பதிவு விடயமும் இருக்கிறது. உங்கள் புத்தகத்தில் இருப்பது மோட்டார் சைக்கிள். பொது வீதியில் ஓட மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இல்லாமல் ஓடி ஏதும் நடந்தால் காப்புறுதியும் கை கொடுக்காது. அதுவரை காணிக்குள் ஓட்டுங்கள். தயவுசெய்து பரந்தன் றோட்டில் சோதனை ஓட்டம் வேண்டாம்.

முள்ளியவளை வாசகர்: நான் ஆட்டோ ஓட்டுகிறேன். விசுவமடுத் தம்பி மாதிரி நானும் முன்னுக்கு இரண்டு சில்லுப் போடலாமா? வளைவில் பயமாக இருக்கிறது.

வேண்டாம் அண்ணை. உங்களுடையது அதற்கு நேர் எதிரான அமைப்பு, ஒற்றைச் சில்லு முன்னால். முன் கழுத்து ஒரே ஒரு குழாயில் நிற்கிறது. அங்கே இரண்டு சில்லை மாட்ட இடமும் இல்லை, பலமும் இல்லை. பஜாஜ் கம்பனியே நாலு சில்லு வேண்டும் என்று வந்தபோது ஆட்டோவில் கைவைக்காமல் கியூட் என்று 216 சிசியில் தனி வண்டி செய்தது.

ஆட்டோ விழுவது பெரும்பாலும் வளைவுக்குள் பிறேக் பிடிக்கும்போதுதான். பிறேக் பிடித்தால் பாரம் முன்னால் ஓடும், உங்கள் முக்கோணம் முன்னால் ஒடுங்கிக்கொண்டு போகிறது. பாரம் ஒடுங்கிய பக்கம் போனால் சாய்வது சுலபம். வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறைத்து, உள்ளே போனதும் பிறேக்கை விட்டுவிடுங்கள். கூரையில் சாமான் கட்டவேண்டாம். அரிசி மூட்டை இருந்தால் பின்சீற்றின் காலடியில், அச்சுக்குக் கிட்ட வையுங்கள். பின் ரயர் இரண்டிலும் காற்று ஒரே அளவா என்று காலையில் பார்ப்பதும் முக்கியம்; எங்கள் கராஜுக்கு 'ஒரு பக்கம் இழுக்குது' என்று வருகிற ஆட்டோக்களில் முக்கால்வாசிக்குக் காற்றுத்தான் காரணம்.

மாங்குளம் வாசகர்: கனடாவில் இருக்கும் மருமகன் மூன்று சில்லுப் பழைய ஹொண்டா ஒன்றில் நிற்கும் படம் அனுப்பினான். பெரிய பலூன் ரயர். இப்போது அதைக் கடைகளில் காணவில்லையாம், ஏன்?

அது ஹொண்டாவின் ஏரிசி வகை, 1970இல் யூஎஸ்90 என்று தொடங்கி, பிறகு ஏரிசி90 என்று பெயர் மாறியது. சேற்றிலும் பனியிலும் நன்றாகப் போகும். ஆனால் பின்சில்லு இரண்டும் ஒரே அச்சில் இறுகியவை, முன்னால் ஒற்றைச் சில்லு. ஓட்டுகிறவர் தன் உடம்பைச் சரியான பக்கம் நகர்த்தத் தெரியாவிட்டால் கவிழும். பிள்ளைகள் பலர் காயப்பட்டார்கள், இறந்தார்கள். 1988இல் அமெரிக்க அரசோடு செய்த உடன்பாட்டில் கம்பனிகள் அங்கே புதிய மூன்று சில்லு விற்பதை நிறுத்தின. அதற்குள் சுசூக்கி நாலு சில்லைக் கொண்டுவந்துவிட்டது. மருமகனை ஹெல்மெற் இல்லாமல் ஏறவேண்டாம் என்று சொல்லுங்கள்.

வவுனியா மாணவர்: மூன்று சில்லு கூடாது என்றால் மோர்கன் கம்பனி ஏன் இன்னும் செய்கிறது?

கூடாது என்று நான் சொல்லவில்லை. மோர்கன் 1909இல் தொடங்கியதே மூன்று சில்லோடுதான்: முன்னால் இரண்டு, எஞ்சினும் முன்னால், தாழ்வான சீற். நான் மேலே போட்ட கணக்கில் பாரம் எங்கே இருக்கவேண்டுமோ அங்கேதான் அது இருந்தது. பிரித்தானியாவில் அப்படிப்பட்ட வண்டிக்கு வரியும் குறைவாக இருந்தது. 1936இல் 4-4 என்ற பெயரில் நாலு சில்லு செய்தார்கள்: நாலு சிலிண்டர், நாலு சில்லு. மூன்று சில்லு 1950களின் தொடக்கத்தில் நின்று, 2011இல் திரும்ப வந்தது. 2022இலிருந்து சுப்பர் 3 என்ற பெயரில் போர்ட் (Ford) கம்பனியின் மூன்று சிலிண்டர் எஞ்சினோடு வருகிறது.

புதுக்குடியிருப்புத் தாய் ஒருவர்: என் மகனுக்குப் பதினேழு வயது. வீட்டுப் பின்வளவில் மூன்று சில்லு வண்டி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறான். படிப்பையும் விடவில்லை. நிற்பாட்டச் சொல்லவா?

நிற்பாட்டவேண்டாம் தங்கச்சி. இரும்பையும் ஒட்டு வேலையையும் அவன் கை பழகட்டும். ஆனால் நாலு காரியத்துக்கு நீங்கள் கண்டிப்பாக இருக்கவேண்டும். வெல்டிங் கண்ணாடி இல்லாமல் வேலை தொடங்கக்கூடாது. தலைக்கு மேல் வளைவுக் குழாயும் இடுப்புப் பட்டியும் பூட்டாமல் முதல் ஓட்டம் கிடையாது. வளவுக்கு வெளியே போகக்கூடாது. முதல் ஓட்டத்துக்கு முன்னம் ஒட்டுகளை அனுபவமுள்ள ஒருவர் தட்டிப் பார்க்கவேண்டும். பக்கத்தில் அப்படி யாரும் இல்லாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வண்டியை ரக்ரர் பெட்டியில் ஏற்றி அனுப்புங்கள். சுத்தியலோடு நானே பார்க்கிறேன்.